வலது கால் இன்னும் வண்டி ஓட்டுகிறது

எட்டாவது வளைவில் நான் தூங்கினேன்.

தூங்கினேன் என்று இப்போது துணிந்து எழுதுகிறேன். அன்றைக்குக் கண் சிமிட்டினேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சிமிட்டுவதென்றால் மூடித் திறப்பது. மூடியது நினைவிருக்கிறது, திறந்ததும் நினைவிருக்கிறது. மூடும்போது சாலையோரம் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. திறந்தபோது அது இல்லை. வெள்ளையடித்த தடுப்புச் சுவர் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. நடுவில் வண்டியை யார் ஓட்டியது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் இல்லை, அது மட்டும் உறுதி.

கண்ணைத் திறக்கவைத்தது விசில். பின்னாலிருந்து ஒரே ஒரு நீள விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. இருபது வருடப் பழக்கத்தில், சத்தம் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் வலது கால் பிரேக்கை மிதித்துவிட்டது. சுவருக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது.

யார் இறங்குகிறார்கள் என்று திரும்பிக் கேட்டேன். ஓர் அம்மாவுக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்ததாம், இப்போது பரவாயில்லையாம். கண்டக்டர் அப்படித்தான் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த ஒரே அம்மா உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். வாந்தி வருகிறவர் தின்கிற தின்னல் அல்ல அது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். மீதி ஏழு வளைவையும் இறக்கி அடிவாரம் சேர்ந்தபோது, மார்கழிக் குளிரில் என் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சந்தேகம் அங்கேதான் ஏறி உட்கார்ந்தது. டிக்கெட் வாங்காத பயணி.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்தாறு வயது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். கடைசி ட்ரிப் ராத்திரி ஏற்காட்டு மேலே போய் ஒண்டிக்கடை என்ற ஸ்டாப்பில் நிற்கும். நானும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்து, விடிந்ததும் முதல் ட்ரிப்பைக் கீழே இறக்குவோம். மூன்று ராத்திரி மேலே, ஒரு ராத்திரி அடிவாரத்தில் என் வீட்டில். மழைக்காலம் முடிந்ததிலிருந்து எந்தப் படுக்கையிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒன்றுமில்லை. காரணம் இருந்தால் அதையாவது நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம். எழுந்து போய்ச் சக்கரத்துக்கு அடைகொடுத்த கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். திரும்பி வந்து படுத்தால், பார்த்தது நிஜமா என்று தோன்றும். மறுபடி போவேன். ஒரு ராத்திரிக்கு நாலு தடவை. மாத்திரை போட்டால் காலையில் இருபது வளைவும் நாற்பதாகத் தெரியும் என்று பயம். வீட்டுக்காரி கசகசாப் பால் கொடுத்தாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். கால் வழுவழுப்பானதுதான் மிச்சம்.

எட்டாவது வளைவு விஷயம் முதலாளி காதுக்குப் போனால் மலை லைன் போய்விடும். மலை டிரைவர் என்றால் சேலம் ஷெட்டில் ஒரு மரியாதை உண்டு. டவுன் பஸ்காரன் எழுந்து பெஞ்சில் இடம் விடுவான். அந்த மரியாதைக்காகத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது உயிர் ஒரு பக்கம், பெஞ்சில் ஒரு இடம் இன்னொரு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது பாருங்கள்.

கண்டக்டருக்குத் தெரியும். தெரிந்தும் வாந்தி என்று பொய் சொன்னார். தெரிந்ததை ஒருவன் மறைக்கிறான் என்றால் பிற்பாடு எடுப்பதற்காகத்தானே. அவருடைய மச்சினன் அதே கம்பெனியில் டவுன் பஸ் ஓட்டினான். மலை லைன் காலியானால் எனக்குத்தான் என்று ஷெட்டில் பேசியவன். கணக்கு எவ்வளவு சுத்தமாகக் கூடியது என்றால், போலீஸ் வேலைக்குப் போகாமல் போனோமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

கண்டக்டர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒல்லி. அதிகம் பேசமாட்டார். பேசாத மனிதரைச் சந்தேகப்படுவது எவ்வளவு வசதி என்று பழகியவர்களுக்குத் தெரியும். அன்று ராத்திரி, பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு பாய் நடத்திய டீக்கடையில் சாப்பிட்டு வந்ததும், கோணியை வண்டியின் நடைபாதையில் விரித்து, அதன்மேல் பாயைப் போட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இங்க மல்லாக்கப் படுங்க. காலைத் தூக்கி இஞ்சின் மேல வையுங்க."

எதற்கு என்று கேட்டேன். யோகாசனம் என்றார். நின்றே வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய்க் கற்றுக்கொண்டாராம். தூக்கத்துக்கென்று தனியாக மெதுவான ஆசனங்கள் இருக்கின்றனவாம். தலைகீழாக நிற்பதெல்லாம் கிடையாதாம்.

அந்தக் காலத்துப் பஸ்ஸில் இஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, வண்டிக்குள்ளே இருக்கும். மலை ஏறி வந்த சூடு அதன் மூடியில் வெகுநேரம் தங்கும். நடைபாதையில் முதுகை வைத்து, இரண்டு கெண்டைக்காலையும் அதன்மேல் தூக்கிப் போட்டேன். ஏற்காட்டுக் குளிருக்கு அந்தச் சூடு இதமாகத்தான் இருந்தது. இதமாக இருக்கிறதே என்று உடனே சந்தேகம் வந்தது. காலைச் சூடாக்கி ஆளைத் தூங்கவைக்கும் வித்தையை இவன் ராத்திரிக்கு மட்டும்தான் வைத்திருக்கிறானா, இல்லை காலை ட்ரிப்புக்கும் சேர்த்தா? சீட்டில் உட்கார்ந்தாலும் இடது பக்கம் அதே இஞ்சின், அதே சூடு.

அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். பிறகு காலை இறக்கி, முழங்கால்களை நெஞ்சோடு கட்டிப் பிடிக்கவேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் ஒரு பக்கம் சாய்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பவேண்டும். சீட்டுக்கு அடியில் எனக்கு ஒரு காய்ந்த ஆரஞ்சுத் தோலும் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. கடைசியில் கை கால் நீட்டிச் செத்தவன் மாதிரிக் கிடந்து, கால் விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தவேண்டும். நான் ஒரு கண்ணைத் திறந்து அவரைக் கவனித்துக்கொண்டே செத்துக் கிடந்தேன்.

"இடது கால் சரிங்க. வலது காலை விடுங்க."

விட்டுவிட்டேன் என்றேன்.

"இல்லீங்க. பாருங்க, பாதம் முன்னால அமுங்கியே நிக்குது. உங்க வலது கால் இன்னும் வண்டி ஓட்டுதுங்க."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இடது பாதம் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. வலது பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தபடி விறைத்திருந்தது. நான் விடச் சொன்னேன், அது கேட்கவில்லை. என் உடம்பில் எனக்குத் தெரியாமல் ஒருவன் டியூட்டியில் இருக்கிறான். பயத்தை மறைக்க, ஓவர்டைம் பார்க்கிறது என்று ஜோக் அடித்தேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவனை நான் அதுவரை நம்பியதே இல்லை.

ஒரு வாரம் போனது. தினமும் அவர் சொன்னார், நான் செய்தேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார், கேட்டால் எட்டாவது வளைவு வரும். அதனால் செய்தேன். தூக்கம் வரவில்லை. உளவுதான் பார்த்துக்கொண்டிருந்தேனே, எங்கிருந்து வரும்?

ஒருநாள் கடைசி ட்ரிப் முடித்துப் பாய் கடையில் டீ கேட்டேன். பாய் ஒரு டம்ளர் வெந்நீரை வைத்தார்.

"டீ கிடையாதுங்க. பொழுது போனா உங்களுக்கு டீ குடுக்கக் கூடாதுன்னு கண்டக்டர் சொல்லியிருக்காரு."

"ஏன் பாய், கடை உங்களுதா அவருதா?"

"கடை என்னுதுதானுங்க. பஸ்ஸு உங்களுது. காலையில அதுல சேலத்துக்குப் போறது எங்க ஊட்டுக்காரிங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். இவருக்கும் தெரியுமா? எவ்வளவு தெரியும்? கண்டக்டர் வேறென்ன கேட்டார் என்று நைசாக விசாரித்தேன். ஒரு நாளைக்கு நான் எத்தனை டீ குடிக்கிறேன் என்று கேட்டாராம், ஒன்பது என்று இவர் சொன்னாராம், அதைக் கேட்டு அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாராம். எனக்கு அது சாட்சி சேகரிக்கிற மாதிரித் தெரிந்தது. ஒன்பது டீ. முதலாளி முன்னால் இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான்.

வீட்டு முறை வந்தபோது அந்த வித்தையில் என்ன சூது இருக்கிறதென்று தனியாகச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் இஞ்சின் இல்லை, சுவர்தான். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் புதுசு. வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், விளக்கெண்ணெய்க் காலோடு சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தேன். அவள் திரும்பி வந்தபோது நான் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். சுவர் காட்டிக்கொடுத்தது.

"ஏனுங்க, செவுத்துல யாரு நடந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர், மச்சினன், ஒன்பது டீ, காலைச் சூடாக்கும் சூழ்ச்சி. எட்டாவது வளைவை மட்டும் விட்டுவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எண்ணெய்த் தடத்தைத் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கத் தடம் அகலமானது.

"அவரு என்ன பண்றாரோ எனக்குத் தெரியாதுங்க. நீங்க இங்க தூங்குன மாதிரி நடிக்கிறது எனக்குத் தெரியும். தூக்கம் வரலீன்னா முழிச்சுக்கிட்டே இருங்க, பேசிக்கிட்டிருக்கலாம். நடிக்காதீங்க. அதுதான் நொம்பப் பயமா இருக்குது."

நான் அவ்வளவு நன்றாக நடிப்பதாக நினைத்திருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, தூங்கும்போது நான் குறட்டை விடுவேன், நடிக்கும்போது விடுவதில்லை என்றாள். நல்ல தகவல். நான் அவள் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். கண்டக்டர் முன்னால் நடிக்கும்போது குறட்டையும் சேர்த்து விடவேண்டும்.

மறுநாள் ராத்திரி ஒண்டிக்கடையில் திட்டத்தை நடத்தினேன். நான் தூங்கிவிட்டேன் என்று நம்பினால் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடுவது. ஆனால் அவர் எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். வலது காலைத்தான் பார்ப்பார். அதனால் முதல்முறையாக, அவர் சொன்னதை ஒழுங்காகச் செய்யவேண்டி வந்தது. இஞ்சின்மேல் காலைப் போட்டு, நிஜமாகவே எண்ணி மூச்சு விட்டேன். முழங்காலைக் கட்டினேன், சாய்த்தேன், நீட்டினேன். விரல், குதி, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக அந்த டியூட்டிக்காரனிடம் கெஞ்சினேன். வண்டி நிற்கிறது சாமி, கல் வைத்திருக்கிறது, இறங்கி வா. எத்தனையாவது மூச்சிலோ பாதம் தானாக ஓரமாகச் சாய்ந்தது. பிறகு மெல்லக் குறட்டையை ஆரம்பித்தேன்.

கண்டக்டர் எழுந்து வந்தார். குனிந்தார். என் காலருகே அவர் மூச்சு கேட்டது. வண்டியை விட்டு இறங்கினார். வெளியே சக்கரத்தருகே கல் உரசும் சத்தம்.

என் குறட்டை நின்றுவிட்டது. கல்லை எடுக்கிறான். என்னை வண்டியோடு உருட்டிவிடப் போகிறான். மச்சினனுக்கு மலை லைன் வேண்டுமென்றால் டிரைவரோடு பஸ்ஸையும் தொலைத்தால் எதை ஓட்டுவான் என்ற சாதாரணக் கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. எழுந்து ஓடவேண்டும். ஓடினால் நடித்தது தெரிந்துவிடும். உயிரா மானமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே இன்னொரு சத்தம். காலால் கல்லை உள்ளே தள்ளி இறுக்குகிற சத்தம். ஒரு சக்கரம். நடந்துபோய் அடுத்த சக்கரம்.

மேலே ஏறி வந்தார். தன் சீட்டில் படுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவரிடமிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. என்னுடையது மாதிரி இல்லை, அசல். பல நாள் பசிக்காரன் சாப்பிடுகிற மாதிரியான குறட்டை.

நான் மல்லாந்தபடியே யோசித்தேன். இந்த மனிதர் இத்தனை நாளும் எப்போது தூங்கினார்? ராத்திரி நான் கல்லைப் பார்க்க எழுந்த நாலு தடவையும் அவர் கண் திறந்துதான் இருந்தது. அதையும் நான் குற்றக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். கல்லை வேறொருவன் பார்த்துவிட்டான், இனி நான் பார்க்கவேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்தது எதுவும் ஞாபகமில்லை.

விடிந்து பாய் கடை பாய்லர் புகையும்போது அவர் என்னை எழுப்பினார். முகம் கழுவப் போன இடத்தில் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு எட்டாவது வளைவுல யாருக்குங்க வாந்தி வந்துச்சு?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத்தானுங்க" என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "கண்ணாடியில உங்க கண்ணு மூடுனதப் பாத்தனுங்க. அன்னியிலிருந்து நீங்க தூங்குனாத்தான் நான் தூங்குவேன்னு ஆகிப்போச்சுங்கண்ணா. முதலாளிகிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா உங்க சோத்துல கை வெக்கறாப்பல இருக்கும், சொல்லலீன்னா ஐம்பது பேரு. சொல்லாம இருந்தது தப்புதானுங்க."

தப்பு அவருடையதாம். அதைக் கேட்டபோது என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. நான் தூங்கினேன் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் சொன்னேன், குழாயடியில், பல்பொடி வாயோடு. மச்சினனைப் பற்றியும் கேட்டேன். அவன் எப்போது ஏற்காடு வந்தாலும் மூன்றாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும், அவன் எங்கே மலை ஓட்டுவது என்றார்.

ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் காலையில் இரண்டு விசில் கொடுப்பதற்கு முன் அவர் என் பக்கத்தில் வந்து, தூங்கினீங்களா என்று கேட்பார். நான் உள்ளதைச் சொல்லவேண்டும். இல்லை என்றால் வண்டி எடுக்கக் கூடாது.

அதன்பிறகு எல்லாம் சுகம் என்று எழுதினால் என் வீட்டுக்காரியே நம்பமாட்டாள். சில ராத்திரி கால் கேட்டது, சில ராத்திரி கேட்கவில்லை. மூன்று நாலு மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம். கோடை சீசன் தொடங்கிய சமயம் ஒரு ராத்திரி, இஞ்சின் ஆறிச் சில்லிட்டுப் போகும்வரை காலைப் போட்டுக் கிடந்தும், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் வண்டி நிறைந்திருந்தது. கூடைகள், பலாப்பழம், முன்சீட்டில் பாயின் சம்சாரம். கண்டக்டர் வந்து கேட்டார். ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் அவர் என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாய் கடைக்கு எதிரில் இருந்த போனில் ஷெட்டுக்குச் சொன்னார்கள். பயணிகள் என்னைத் திட்டின திட்டில் பாதியை எழுத முடியாது. பாயின் சம்சாரம் மட்டும் திட்டாமல், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். முதலாளி போனில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார், குடிச்சிருக்கியா. இல்லைங்க, குடித்திருந்தால் தூங்கியிருப்பேனே என்றேன். அவரும் சிரிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு டவுன் பஸ் என்றார். ஷெட் பெஞ்சில் நான் எழுந்து இடம் விடவேண்டிய ஒரு மாதம்.

எனக்குப் பதிலாக வண்டியை இறக்க ஒன்பது மணிக்கு வேறு பஸ்ஸில் ஏறி வந்த ஆளைப் பார்த்ததும் எனக்குப் பழைய நோய் ஒரு நொடி திரும்பியது. வந்தவன் மச்சினன். முகம் எலுமிச்சை மாதிரி வெளுத்திருந்தது. ஆனால் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சரியாகிவிட்டான். ஓட்டுகிறவனுக்கு வாந்தி வராது, அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். கண்டக்டர் இதை மறந்துவிட்டாரா, மறைத்துவிட்டாரா என்று யோசித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இருபது வருடத்தில் அந்தச் சாலையில் நான் பயணியாக உட்கார்ந்தது அன்றுதான். வளைவுக்கு வளைவு என் கால் மிதித்தது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு. பையன் நன்றாகத்தான் இறக்கினான். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். பன்னிரண்டாம் வளைவின் பலகையைப் பார்த்தேன், பதினொன்றையும் பார்த்தேன். எட்டைப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் என் வீட்டுக்கு எதிரே கண்டக்டர் ஒரு நீள விசில் கொடுத்தாராம். வண்டி நின்றதாம். என் வலது கால் அசையவே இல்லையாம். தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டபோது, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் இதை அவரே சொன்னார். அவர் சொன்னதை நம்பலாமா என்று இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படுத்துக்கொண்டு யோசிப்பதால், முடிவுக்கு வருவதற்குள் தூங்கிவிடுகிறேன்.